மீதி எண்பத்தைந்து

"நான்தான் எடுத்தேன், மிஸ்" என்று ரெட்டைச்சடை எழுந்து நின்றாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எடுத்தது அவர்.

சமாச்சாரம் ஒரு கேக். பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் ஒரே ஆள்தான், போட்டிருக்கும் சட்டைதான் வேறு என்று ஆறாம் வகுப்பின் மண்டையில் ஏற்றுவதற்காக, கணக்கு டீச்சர் தன் கையாலேயே செய்து, இருபது சதுரமாக வெட்டிக் கொண்டுவந்தது. கரும்பலகையின் உச்சியில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்: ஒரு துண்டு = 1/20 = 0.05 = 5%.

கேக் பெட்டி காலையில் தலைமையாசிரியர் அறையில் இருந்தது. பூட்டு உள்ள அறை அது ஒன்றுதான். பள்ளியில் நம்பக்கூடிய ஆளும் தான் ஒருவர்தான் என்பது அவருடைய அபிப்பிராயம். அன்றைய காலைக் கூட்டத்தில்கூட, "நேர்மையில தசமம் கிடையாது, பிள்ளைகளே. ஒண்ணு முழுசு, இல்லேன்னா பூஜ்யம்" என்று இருபது நிமிடம் முழங்கிவிட்டு, களைத்துப்போய் அறைக்குத் திரும்பியவர், பெட்டியைச் சும்மா திறந்து பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரே ஒரு துண்டு. அதுவும் ஓரத்துத் துண்டு.

பிறகு ரெட்டைச்சடை வந்து பெட்டியை மாடிக்கு எடுத்துப் போனாள். வகுப்பில் மூடியைத் திறந்ததும் டீச்சர் அவளையே எண்ணச் சொன்னார். அவள் எண்ணிவிட்டுப் பலகையில் மளமளவென்று எழுதினாள்: 17/20 = 0.85 = 85%.

"மூணும் சரி. அடுத்த கணக்குக்குப் போவோம்" என்றார் டீச்சர்.

முன்வரிசை விடுவதாயில்லை. "மிஸ், இருபது துண்டுன்னு சொன்னீங்களே."

டீச்சர் கைக்குட்டையால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டார். குரல் திடீரென்று ஏறியது. "ஆமா, இருபதுதான். குறையுற பதினஞ்சு சதவீதம் எங்க போச்சு? எடுத்தவங்க மரியாதையா எந்திரிங்க."

பதினைந்து சதவீதம் என்றதும் தலைமையாசிரியருக்கு முதுகெல்லாம் வியர்த்தது. அவர் படித்தது வரலாறு. சதவீதம் என்பது ஆண்டு விழா அறிக்கையில் தூவுகிற பொடி என்ற அளவில்தான் அவருக்கும் அதற்கும் பழக்கம். எண்பத்துமூன்றை 'ஏறக்குறைய நூறு' என்று வாசித்துக் கைதட்டல் வாங்கிய மனிதர். ரெண்டே வாயில் விழுங்கிய ஒரு துண்டு வயிற்றுக்குள் போய்ப் பதினைந்து சதவீதமாக வீங்கும் என்று யார் கண்டது?

அப்போதுதான் ரெட்டைச்சடை எழுந்து நின்றாள்.

"பதினஞ்சும் நீயா?" என்றார் டீச்சர்.

"இல்ல மிஸ், நான் வந்து..."

"வாயை மூடு. திருடினது போதாதுன்னு விளக்கம் வேறயா? சனிக்கிழமை கணக்குப் போட்டிக்கு நீ போகல. பேரை அடிச்சிடறேன். வெளிய போய் நில்லு."

அந்தப் போட்டிக்காக அவள் மூன்று மாதமாக விளையாட்டு நேரத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பயிற்சி எடுத்தது தலைமையாசிரியருக்குத் தெரியும். 'நேர்மை தவறியோர் இப்பள்ளியின் பெயரால் எங்கும் செல்லலாகாது' என்று வாசலில் ஒரு பலகை தொங்குவதும் தெரியும். வாசகம் அவருடையது. கீழே கையெழுத்தும் அவருடையதுதான்.

ரெட்டைச்சடை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போய், ஜன்னலோரம் சுவரைப் பார்த்து நின்றாள். பாவம், மிரட்டியதில் பயந்துபோய், செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டது குழந்தை. வேண்டுமானால் அடுத்த வாரம் தியாகத்தைப் பற்றிப் பேசி, அவளை மேடையில் ஏற்றிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். யோசிக்கும்போதே சட்டைப் பையின் ஓரத்தில் ஒட்டியிருந்த கேக் துணுக்கு கண்ணில் பட்டது. தட்டிவிட்டார். அது மடியில் விழுந்து அவரையே பார்த்தது.

எழுந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் பாப்பாவை உள்ள கூப்பிடுங்க. கேக்கை அவ எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பினார்கள்.

"சார்... நீங்களா?"

"ஆமா. பதினஞ்சு சதவீதமும் நான்தான்" என்றார், குற்றத்திலும் குறை வைக்க மனமில்லாமல். "போட்டிக்கு அவ போகட்டும். வாசல்ல இருக்கற பலகையை நானே கழட்டிடறேன்."

டீச்சரின் முகம் ஏனோ பளிச்சென்று தெளிந்தது. "அதனால என்ன சார், நம்ம சார்தானே. இத்தோட விட்டுடலாம்."

உள்ளே வந்த ரெட்டைச்சடை விடுவதாயில்லை. கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு, கணக்கு வராத பையனைப் பார்ப்பதுபோல் தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

"எத்தனை துண்டு சார் எடுத்தீங்க?"

"ஒண்ணும்மா. ஒண்ணே ஒண்ணு."

"அப்ப அது அஞ்சு சதவீதம்தான் சார். மாடிப்படியில நான் தின்னது ஒரு அஞ்சு. அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்."

பலகையில் 5%, அதன் கீழே இன்னொரு 5% எழுதினாள். கூட்டல் குறி போட்டாள். அடியில் 15% என்று எழுதி, நடுவில் ஒரு வரி இடம் விட்டாள்.

டீச்சரின் கைக்குட்டை மறுபடியும் வாயோரத்துக்குப் போனது.

ரெட்டைச்சடை சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

"மீதி அஞ்சை நீங்க போடுங்க, மிஸ்."