கோட்டுக்கு அந்தப் பக்கம்

விக்ரமுக்குத் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது.

வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நேற்றுக் கபடி மேட்சில் நின்று கத்தித் தீர்த்த பலன். மதுரையிலிருந்து வீடியோ எடுக்க வந்த தம்பி கேமராவை மாட்டியாயிற்று. பன்னிரண்டு மணிக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். நாடகத்தில் முக்கால்வாசி வசனம் விக்ரமுடையது. ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிற சபிஹாவுக்குத் தலை கிறுகிறுத்தது.

சும்மா ஆண்டுவிழா நாடகமா இது? மதுரைக் கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று 1939-இல் கதவு திறந்ததே, அந்தப் பாடம். நாலு வரி வாசித்துவிட்டுத் தாண்டிப் போகிற பாடம். கண்ணுக்கு முன்னால் நடந்தால்தான் பிள்ளைகள் மனசில் தைக்கும் என்று சபிஹா உட்கார்ந்து எழுதிய நாடகம். வீடியோ மட்டும் தேறிவிட்டால், மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களிலெல்லாம் இதைப் போட்டுக் காட்டித்தான் அந்தப் பாடம் நடக்கும். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் கிடையாது.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் பிள்ளைகளே கோபுர வாசல் செய்திருந்தார்கள். வாசலுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு.

கோட்டுக்கு உள்ளே வாசல்காரனாக விக்ரமும், ஊர்ப் பெரிய மனிதர்களும். வெளியே, தடுக்கப்பட்டவர்கள். வாசல்காரன் முதலில் தடுப்பான், பிறகு விலகுவான், எல்லோரும் உள்ளே போவார்கள். ஓரமாக அட்டையோடு நிற்கிற சத்யப்ரியா கடைசி வரியை வாசிப்பாள்: ‘அந்தக் கொடுமை அன்றோடு ஒழிந்தது.’

அதை எழுதியபோது சபிஹாவுக்கே கண் கலங்கிவிட்டது.

யாருக்கு எந்த வேஷம் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டிருந்தாள். கடலைமிட்டாயைப் பங்கு போடச் சொன்னாலே மண்டையை உடைத்துக்கொள்கிற வகுப்பு. இதில் மட்டும் சண்டையில்லை, சத்தமில்லை. அவள் ஆபீஸ் ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் பிரித்து முடித்துவிட்டார்கள். அடேயப்பா, என் பிள்ளைகளுக்கு எம்புட்டுப் பொறுப்பு என்று காஜிமார் தெரு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். இந்த ஜூனில்தான் மாற்றலாகி வாடிப்பட்டிக்கு மேற்கே இந்த ஊருக்கு வந்தவள்.

“எனக்கு விக்ரம் வசனம் தெரியும், டீச்சர்” என்றாள் முனீஸ்வரி.

கோட்டுக்கு வெளியே நிற்கிற ஐந்து பேரில் ஒருத்தி. அவளுக்கு நாடகத்தில் ஒரு வசனமும் கிடையாது. சும்மா நின்று நின்றே மற்றவர்கள் பேசுவதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள்.

“அப்புறமென்ன, உள்ள வா!” சபிஹாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முனீஸ்வரி நகரவில்லை. உள்ளே நின்ற யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

“டீச்சர், அவ அந்தப் பக்கம்.”

சபிஹா அந்தப் பக்கத்து முகங்களைப் பார்த்தாள். சாயங்காலம் மணி அடித்ததும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் காலனிக்குப் போகிற பிள்ளைகள். ஐந்து பேரும். காலனியிலிருந்து இந்த வகுப்புக்கு வருகிறவர்களே அந்த ஐந்து பேர்தான். வேஷம் பிரிக்கையில் ஏன் சண்டை வரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் பூரித்துப் பேசியதை நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

போய் முனீஸ்வரியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். விக்ரம் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜரிகைத் துண்டை அவன் தோளிலிருந்து எடுத்து இவள் தோளில் போட்டாள். அவன் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

“மறந்துபோனாலும் பரவால்ல. அவங்கள வாசல்ல நிப்பாட்டணும், அம்புட்டுத்தான். வாய்க்கு வர்றதச் சொல்லு.”

கேமரா ஓடியது. நாலு பேர் கோட்டை நோக்கி நடந்துவந்தார்கள்.

முனீஸ்வரிக்கு முதல் வார்த்தையே வரவில்லை. எல்லாம் மறந்துபோய் முழித்தாள். அப்புறம் ஒரு கையை இடுப்பில் வைத்தாள். முகம் மாறிப்போனது. வயசான, சலித்துப்போன ஒரு முகம்.

“ஏய், அங்கனயே நில்லு. படியேறாத. என்ன, தண்ணியா? கையக் குவி, ஊத்துறேன்.”

இல்லாத செம்பைத் தோளுக்கு மேலே தூக்கிச் சரித்தாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு பேரும் குனிந்தார்கள். நாலு பேர் கைகளும் வாய்க்கு நேராகக் குவிந்தன. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சபிஹா எழுதிய நாடகத்தில் தண்ணீரே கிடையாது.

வீடியோ எடுக்கிற தம்பி நிமிர்ந்தார். “டீச்சர், இது நீங்க குடுத்த பேப்பர்ல இல்லையே. அந்தக் காலத்துல இப்படியா பேசுனாக?”

முனீஸ்வரி பயந்துபோனாள். “தப்பாச் சொல்லிட்டேனா, டீச்சர்?”

பதில் சுவரோரத்திலிருந்து வந்தது. வெறும் காற்றாக வந்த குரல்தான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“சரியாத்தேன் சொன்னா, டீச்சர்.” விக்ரம் யாரையும் பார்க்கவில்லை. “எங்கம்மா அப்படித்தேன் சொல்லும். இவுக களையெடுக்க வாரப்ப.”

குவிந்த கைகள் குவிந்தபடியே இருந்தன.

நாடகம் பாதியில் நிற்கிறதே என்று சத்யப்ரியாவுக்குத்தான் தவிப்பு. இவ்வளவு நேரம் ஓரமாகப் பிடித்திருந்த அட்டையை நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு கேட்டாள்.

“டீச்சர், கடைசி வரிய நான் வாசிக்கவா, வேணாமா?”