முட்டுக்கு நின்ற ஸ்பேனர்

வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார் மெக்கானிக். சாயங்கால வெயில் சக்கரங்களுக்கிடையே நுழைந்து அவர் வயிற்றில் விழுகிறது. மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் சுற்றிலும் இறைந்து கிடக்கின்றன. ஒன்று லொடலொடக்கிறது, அடுத்தது நுழையவே மாட்டேன் என்கிறது. இந்த வண்டிக்கு எல்லாமே அங்குலக் கணக்கு. நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. இன்னொரு முறை வழுக்கினால் அவ்வளவுதான்.

"அந்த இஞ்ச் ஸ்பேனர எங்கதான் வெச்சே?"

"நானா வெச்சேன்? சமையக்கட்டு ஜன்னல் நிக்கலன்னு நீங்கதானே அத முட்டுக் குடுத்தீங்க. கொக்கி வாங்கறேன்னீங்க."

தலைக்குமேல் தூக்கிய ஜன்னலை ஒரு கையால் தாங்கியபடி, மறு கையால் ஸ்பேனரை வெளியே நீட்டுகிறாள் மனைவி. அவர் ஊர்ந்து வந்து வாங்கிப்போகிறார். நட்டில் அது கச்சிதமாக உட்காருகிறது.

"சீக்கிரம் கழட்டிக் குடுங்க. உள்ள ஒரே புகை, கை கடுக்குது."

"இது ஒண்ணு. இன்னும் மூணு இருக்கு."

அவள் ஜன்னலை மறு கைக்கு மாற்றிக்கொள்கிறாள்.