உப்புத் தண்ணீருக்கு ஒரு மிஷின்

“எங்க தேடப் போறீங்க? வயலா, கடலா?” என்று கடைக்காரர் கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கடல்ல,” என்றார் அவளுடைய வருங்கால மாமியார், காய்கறி வாங்க வந்தவரைப் போல.

கல்யாணம் பேசி முடித்த அன்று அத்தை தன் விரலிலிருந்து கழற்றி அவளுக்குப் போட்டுவிட்ட மோதிரத்தைத்தான் தேட வேண்டும். மூன்று தலைமுறையாக அந்த வீட்டு மருமகள்களிடம் கைமாறி வந்தது. ஒன்பதாம் நாளே அலையில் நழுவவிட்டிருந்தாள்.

அழுதுகொண்டே போய்ச் சொன்னபோது அத்தை திட்டவில்லை. “நாளைக்குப் பத்து மணிக்கு ரெடியா இரு,” என்றதோடு சரி. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைக்காரர் மெலிதான மெட்டல் டிடெக்டர் ஒன்றை நீட்டினார்.

“இது ஒரே அலைவரிசைதானே? ஈர மணல்ல வச்சதுமே உப்புக்குக் கத்த ஆரம்பிச்சிடும். பல அலைவரிசை இருக்கறதைக் காட்டுங்க,” என்றார் அத்தை.

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். டிவி ரிமோட்டைக்கூட மாமாவிடம் நீட்டுகிற அத்தையா இது?

அடுத்த மிஷினை அத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார். அடியில் இருக்கிற வட்டு மட்டும் நனையலாமா, முழுசும் முங்கலாமா என்று விசாரித்தார். பேட்டரி மூடியின் ரப்பரை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

“குப்பையை எல்லாம் இதுவே ஒதுக்கிடும் மேடம்.”

“அந்தப் பட்டனைத் தொடவே மாட்டோம். டின் மூடி வளையமும் தங்க மோதிரமும் இதுக்கு ஒண்ணுதான். குப்பையோட சேர்ந்து மோதிரமும் போயிடும்.”

“மேடத்துக்கு நல்ல அனுபவம் போல.”

“இருபத்தாறு வருஷம்,” என்றார் அத்தை.

கடைக்காரர் பெட்டி எடுக்க உள்ளே போனதும் அத்தை அவள் பக்கம் சாய்ந்தார்.

“மூஞ்சியைத் தொடை முதல்ல. நீ தொலைச்சது நான் அதே மாதிரி செய்யச் சொல்லி வாங்கினது. என் மாமியார் போட்டுவிட்டது, கல்யாணமான மறுமாசமே அதே கடல்ல போச்சு. அதைத் தேடித் தேடி என் பழைய மிஷினே தேஞ்சுபோச்சு. காலைல நான் வாக்கிங் போறேன்னு உன் மாமா இன்னும் நம்பிட்டிருக்கார்.”

 அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிக் குரல் கொடுத்தாள்.

“சார், ரெண்டா எடுத்துட்டு வாங்க.”