மிதிவெடி நாடா

வாவிக்கரை அரிசி ஆலையில் மூட்டை அடுக்கும் ரோபோ கை அசையாமல் நிற்கிறது. அது ஓய்ந்து நிற்கவில்லை, அடுத்த மூட்டைக்காகக் காத்து நிற்கிறது. சுற்றிக் கம்பி வேலி போட முதலாளிக்கு மனம் வரவில்லை. சண்டை முடிந்தபின் வயல் வட்டையில் மிதிவெடி எடுத்தவர்கள் மிச்சம் விட்டுப்போன சிவப்பு நாடாவைக் கட்டி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருக்கிறார். அதே நாடாவைத் தாண்டிப்போய் விறகு பொறுக்கிப் பழகிய ஊர் இது. கை நின்றதைக் கண்ட மெக்கானிக் இஷாமும் சும்மா காலைத் தூக்கித் தாண்டி, அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் குந்தி ரோபோவுக்குக் கிறீஸ் பூசுகிறான். ஓடும் பெல்டில் ஒரு மூட்டை வருகிறது. “இஷாம் நானா, வெளிய வாங்க!” சாக்குத் தைக்கும் நோறாவின் குரலை ஆலைச் சத்தம் விழுங்கிவிடுகிறது. மூட்டை ரோபோவிடம் போய்ச் சேருமுன் அவள் பாய்ந்து அதைக் கட்டிப் பிடிக்கிறாள். பெல்ட் அவளையும் சேர்த்து இழுக்க, செருப்பு தவிட்டில் வழுக்குகிறது. விருந்தாளிகளோடு, கசங்காத வெள்ளைச் சட்டையில், முதலாளி வருகிறார். “என்ன புள்ள விளையாட்டு? பெரிய ஆக்கள் வந்து நிக்கிறாங்க, மூட்டைய விடு!” பிறகு நாடாவை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, “இதத் தாண்டி ஒரு எறும்பும் உள்ள போகாது” என்று அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.