புல்லுக்குள் பதித்த கற்கள்

மருதமுனை வீட்டு முன்வாசலில் மூன்று பேர் இருந்தார்கள். நஸீரா உம்மா கதவடிக் கதிரையில், மகள் அஸ்னா படியில், மேசன் சுபியான் புல்லில் குந்தியபடி. கேற்றிலிருந்து படிவரை புல்லுக்குள் பதித்த கற்கள் மறுபடியும் தாழ்ந்திருந்தன. நேற்றுத்தான் அவன் அவற்றைக் கிளப்பி, மண் போட்டு, மட்டம் பார்த்துப் பதித்திருந்தான்.

"கடல்மண் இளகுந்தானே ராத்தா," என்று நஸீரா உம்மாவிடம் சொன்னபடி ஒரு கல்லைப் புரட்டினான். இறுகிய மண்ணில் ஈரமான கால்தடம் ஒன்று, விரல்கள் வீட்டைப் பார்த்தபடி இருந்தது. அடுத்த கல்லின் கீழும் அப்படியே.

"உங்கட காலாக்கும்," அஸ்னா சிரித்தாள்.

"என்ட கால் இவ்வளவு சின்னனா புள்ள?"

நஸீரா உம்மா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அஸ்னாவுக்கு நிக்காஹ். ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு; மாப்பிள்ளை இங்கேதான் குடிவருவார். நஸீரா உம்மா உள்ளே போய், சாய்ந்தமருதிலிருக்கும் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு எழுதினார்: 'நிக்காஹ் முடிந்ததும் மகளை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.'

கற்களை மட்டமாக்கி முடித்த சுபியானிடம், கடித உறையை ஒட்டிக் கொடுத்தனுப்பினார்.

அவன் கற்களில் மிதிக்காமல் புல்லால் நடந்தான். அவனுக்குப் பக்கத்தில், படியிலிருந்து கேற்றுவரை கற்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்துகொண்டே வந்தன.