ஆறாவது கட்டிலின் நேரம்

"ஒரு நோயாளிக்கு இருபத்தாறு நிமிஷமா? டாக்டர், இது வார்டா, கல்யாண வீடா?"

கேட்டவர் தர்மேந்திரன். கையில் ஸ்டாப்வாட்ச். மலேசியாவில், ஈப்போ ஆஸ்பத்திரியின் டாக்டர் குழுக்களுடைய வேகத்தை அளக்கத் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள். வார்டுக்குள் வந்த பூனைக்கே நேரம் குறித்தவர்.

"நாளைக்குக் கடைசி அளவு. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் தாண்டினா உங்க குழுவைக் கலைச்சிருவாங்க. உங்களுக்குச் சித்தியவான் ஊருக்கு மாற்றல்தான்!"

டாக்டர் கலாதேவி கோப்பை மூடிவிட்டு நகர்ந்தார்.

முதல் கட்டிலில் பழனியப்பன் எழுந்து உட்கார்ந்து மற்ற நோயாளிகளைப் பார்த்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய மனுஷர்.

"இவன் நம்ம தோட்டத்துல பால் நிறுத்துக் கணக்கெழுதுற கிராணி மாதிரிலா. தராசுக்குப் பயந்து நாம பால்ல தண்ணி கலக்கலையா? அதே வேலைதான். நாளைக்கு யாரும் கதை பேசக்கூடாது. நோவைச் சொல்லு, நாக்கை நீட்டு, படு!"

அன்று முழுக்க ஒத்திகை.

மறுநாள் காலை, டாக்டர் வணக்கம் சொல்வதற்குள் பழனியப்பன் நன்றி சொல்லிவிட்டார். அடுத்தவர், "முட்டி. ரெண்டும். குளிர்ல. மாத்திரை!" என்று முடித்தார்.

ஐந்து கட்டில், ஏழு நிமிஷம். ஸ்டாப்வாட்சுக்கே மூச்சு வாங்கியது.

ஆறாவது, சன்னாசி. "நல்லா இருக்கேன். அடுத்த ஆளு!"

டாக்டர் நகரவில்லை. "அண்ணே, ஏன் இப்படி வேர்க்குது?"

"புழுக்கம்மா."

"ஏர்கோன் ஓடுதே?"

"நெஞ்சு லேசாப் பிடிக்குது. நீங்க போங்கம்மா, நேரம் ஆகுது! உங்களை மாத்திட்டா நாங்க யாருகிட்ட பேசுறது?"

டாக்டர் தன் குழு முழுவதையும் கூப்பிட்டார். ஈசிஜி, ஊசி, ஆக்சிஜன். சன்னாசி "பசிக்குது" என்று முனகியபோதுதான் வார்டே மூச்சு விட்டது. அசையாமல் நின்றுகொண்டிருந்த தர்மேந்திரனின் ஸ்டாப்வாட்சில் நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது.

"போச்சு!" என்று பழனியப்பன் தலையில் கைவைத்தார்.

தர்மேந்திரன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படிவத்தை நிரப்பினார், கையெழுத்துப் போட்டார், டாக்டரிடம் ஒரு பிரதியை நீட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

பழனியப்பன் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்:

"ஆறாவது நோயாளி: இரண்டு நிமிஷம். மீதி முப்பத்தெட்டு நிமிஷத் தாமதத்துக்குக் காரணம்: அளவெடுக்க வந்த அதிகாரி ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டார்."