கண்ணீர் விட்ட அலுவலகம்

நாவலாசிரியரின் புது நாவலை வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று வாங்கிவிட்டது. வீடு கொள்ளாத கூட்டம். கேக் தட்டை ஏந்தி வந்தவர் அவருடைய மைத்துனர். வாரப் பத்திரிகைக்கு ஜோக் எழுதுகிறவர்.

"இவனும் எழுத்தாளன்தானாம்!" என்றார் நாவலாசிரியர். கூட்டம் சிரித்தது.

"விடுங்க அத்தான்."

"என்னத்த விடறது? என் எழுத்தைப் படிச்சு வெளிநாட்டுக்காரன் அழறான். உன் எழுத்து அலமாரித் தட்டுல விரிக்கத்தான் ஆகும். ஏதோ அவங்க பாஷையாவது தெரிஞ்சுவச்சிருக்கே. அந்தப் பதிப்பகத்துக் கடிதத்தை எல்லாருக்கும் படிச்சுச் சொல்லு, மச்சான்."

மைத்துனர் கடிதத்தைப் பிரித்து முதலில் மனத்துக்குள் படித்தார். வாங்கிய ஏச்சையெல்லாம் வட்டியோடு திருப்பித் தர இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நிமிர்ந்தார். எதிரே அக்கா, புதுப் புடவையில், பூரித்துப்போய் நின்றிருந்தாள்.

"கதாநாயகன் சாகிற இடத்துல எங்க அலுவலகமே கண்ணீர் விட்டதுன்னு எழுதியிருக்காங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மைத்துனர் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அவர் படிக்காமல் விட்ட அடுத்த வரி இது: 'சிரித்துச் சிரித்து வயிறே புண்ணாகிவிட்டது. எங்கள் நகைச்சுவை வரிசையில் உங்கள் நாவலுக்குத்தான் முதலிடம்.'

"பார்த்துக் கத்துக்கோடா!" என்றார் நாவலாசிரியர்.

"இருபது வருஷமா முட்டி மோதறேன் அத்தான்," என்றார் மைத்துனர், உண்மையான பொறாமையோடு. "எனக்கு இப்படி வரவே மாட்டேங்குது."